ஆடிக்காற்றில் அளந்த சன்னல்

ஏறக்குறைய ஒரு வருடமாக என்னை ஒரு வார்த்தை ஏசாமல் படத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கும் என் அத்தைக்கு,

நாளை மறுநாள் உங்களுக்கு ஆண்டுத் திவசம். இலைக்கும் பூவுக்கும் சொல்லியாயிற்று. உங்கள் மகள் கோமதி நாளைக்கே நாகர்கோவிலில் இருந்து வந்துவிடுவாள். நீங்கள் வருவதற்கு முன்னால் ஒரு விஷயத்தை நானே சொல்லிவிடுவது நல்லது. படையலுக்கு வந்த இடத்தில் மேற்கு அறையை எட்டிப் பார்த்துவிட்டு, "ஏட்டி உமா, இது என்ன கூத்து?" என்று நீங்கள் ஆரம்பித்தால் எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும்.

விஷயம் இதுதான். உங்கள் மகன் படுத்திருக்கும் மேற்கு அறையில், இரண்டு சன்னலுக்கும் உள்பக்கமாக இன்னொரு சன்னல் போட்டிருக்கிறேன். கண்ணாடிச் சன்னல். மாமா பார்த்துப் பார்த்துப் போட்ட ஆஞ்சிலி மரச் சன்னல் அப்படியே இருக்கிறது, அதில் ஒரு சீவல்கூடக் குறையவில்லை. போட்டது ஆடி மாதத்தில். துளை போட்டேன், ஆணி அடித்தேன், எல்லாம் செய்தேன். அதுவும் உங்களுக்கு ஆண்டு கழியும் முன்னால் செய்தேன். ஏசுவதாக இருந்தால் இந்த இடத்திலேயே ஏசி முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

இந்தக் கடிதத்தை வேறு நாலு பேரும் படிப்பார்கள். அவர்களுக்கு நம் வீட்டுக் காற்றைப் பற்றித் தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் புகுந்து வருகிற காற்று நேராக நம் மேற்குச் சுவரில்தான் வந்து முட்டும். வைகாசியில் பிடித்தால் ஆவணி பாதி வரைக்கும் விடாது. கொடியில் போட்ட சேலையை அடுத்த தெருவில் போய்ப் பொறுக்கி வருவோம். இந்தக் காற்றை நம்பித்தான் ஊரைச் சுற்றி அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. உங்கள் மகன் அதில்தான் வேலை பார்த்தார். தினமும் அவ்வளவு உயரம் ஏறி இறங்கிய மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாழைத்தோட்டத்து ஓடையைத் தாண்டும்போது வழுக்கி விழுந்தார். கழுத்தில் அடி. ஆறு வருடமாகப் படுக்கை.

கை கால் அசையாது என்பதைத்தான் எல்லோரும் விசாரிப்பார்கள். அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு என்பது நமக்குத்தான் தெரியும். அவருக்குக் கழுத்துக்குக் கீழே வேர்க்காது. வெயில் ஏறினால் நம் உடம்பு வேர்த்துத் தன்னைத் தானே தணித்துக்கொள்ளும். அவர் உடம்பு அறையோடு சேர்ந்து கொதிக்கும். அதற்காகத்தான் ஏசி போட்டோம். கரண்டு போனால் இன்வெர்ட்டரில் விளக்கும் விசிறியும் ஓடும், ஏசி ஓடாது. அந்த மூடிய சன்னலின் இடுக்கு வழியாக அறையின் குளிர்ச்சி பத்து நிமிடத்தில் வெளியே போய்விடும். உள்ளே வருவது அனல். காற்று காலத்தில்தான் கிளை முறிந்து கம்பியில் விழுவதும், கரண்டு போவதும் அதிகம்.

கரண்டு போனதும் நீங்கள் குத்துப்போணிப் பாத்திரத்தில் தண்ணீரும் கையில் துவர்த்துத் துண்டுமாக வந்துவிடுவீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் இருப்பேன். நெற்றி, கழுத்து, நெஞ்சு, அக்குள், தொடை என்று துவர்த்தை நனைத்து நனைத்துத் துடைப்பீர்கள். கரண்டு வரும்வரை நிறுத்த மாட்டீர்கள். "எம்புள்ள ஒடம்ப நான் தொடைக்கேன், ஒனக்கு என்ன வந்துது? நீ போயி புள்ளையளுக்குப் பாடம் நடத்து" என்பீர்கள். எழுபத்துநாலு வயது உங்களுக்கு.

நமக்குள் சண்டை வராத நாளே கிடையாது. கறியில் உப்பு, வாசலில் கோலம், நான் பேசுகிற சத்தம். ஆனால் பெரிய சண்டை சன்னல் சண்டைதான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு ஆடியில், "அத்தை, சன்னல் வழியா காத்து வாறது, ஆசாரியக் கூப்பிட்டுப் பாப்போம்" என்று சொன்னேன். மாமா போட்ட சன்னலைக் குறை சொன்னதாக உங்களுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "அந்தச் சன்னல்ல ஒரு கொறையும் கெடையாது. அப்படியே பாக்கணுமின்னா ஆடி கழியட்டும். ஆடியில வீட்டுல ஆணி அடிக்கப்பிடாது, கேட்டியா?" என்றீர்கள்.

சரி என்று காத்திருந்தேன். ஆவணி கடைசியில் ஆசாரி வந்தார். அதற்குள் காற்று போய்விட்டது. சன்னல் கதவை அடைத்தார், திறந்தார், இழைப்புளியால் ரெண்டு இழைப்பு இழைத்தார். "எங்கம்மா காத்து வருது? ஒரு தூசி வராதே" என்றார். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இன்றைக்கும் மறக்கவில்லை. அடுத்த வருடமும் இதே கதை, அதற்கடுத்த வருடமும் இதே கதை. காற்று அடிக்கும்போது ஆசாரியைக் கூப்பிடக் கூடாது. ஆசாரியைக் கூப்பிடும்போது காற்று அடிக்காது. எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற எனக்கு இந்தக் கணக்கு மூன்று வருடமாகப் புரியவில்லை பாருங்கள்.

பிறகு போன வருடம் ஆவணி வந்தது. முதல் வாரம், காற்று இன்னும் ஓயவில்லை. காலை பத்து மணிக்குப் போன கரண்டு சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வந்தது. ஆறு மணி நேரம் நீங்கள் துடைத்திருக்கிறீர்கள். நான் வந்து பார்த்தபோது அவருக்குக் காய்ச்சல் இல்லை. நீங்கள் அடுக்களையில் பால் விடாத கட்டன்சாயா போட்டுக்கொண்டிருந்தீர்கள். "நெஞ்சு என்னமோ மாதிரி இருக்கு மக்ளே" என்றீர்கள். நீங்கள் என்னை 'மக்ளே' என்று கூப்பிட்டதில் பயந்துபோய் ஆட்டோவுக்கு ஓடினேன். ஆஸ்பத்திரி வாசலில் எல்லாம் முடிந்துவிட்டது.

உங்கள் வயதுக்கு அது எப்போது வேண்டுமானாலும் நடந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கோமதியும் அப்படித்தான் சொன்னாள். எனக்கு அது சமாதானம் ஆகவில்லை. கல்யாணமாகி வந்த நாளில் இருந்து உங்கள் பேச்சைக் கேட்காத மருமகள் என்று ஊரெல்லாம் சொன்னீர்கள். நான் உங்கள் பேச்சைக் கேட்டது சன்னல் விஷயத்தில் மட்டும்தான். அதில் கேட்டிருக்கவே கூடாது. இதை எங்கே போய்ச் சொல்வது என்று தெரியாமல் உங்களிடமே சொல்கிறேன்.

இந்த வருடமும் வைகாசியில் காற்று பிடித்தது. நீங்கள் இல்லாமல் வருகிற முதல் காற்று காலம். பகலில் அவரைப் பார்த்துக்கொள்ளத் தெற்குத் தெருச் செல்லம்மாளை வைத்திருக்கிறேன். நல்லவள். ஆனியில் ஒரு நாள் கரண்டு போனது. மூன்று மணி நேரம் அவளும் துடைத்திருக்கிறாள். பிறகு கை ஓய்ந்து, ஒரு வாய் சோறு தின்ன அடுக்களைக்குப் போயிருக்கிறாள். திரும்பி வந்து தொட்டுப் பார்த்தால் உடம்பு அனலாய்க் கொதிக்கிறது. நான் போய்ச் சேரும்போது நூற்று மூன்று டிகிரி. கண் சொருகிக் கிடந்தார். நாலு நாள் ஆஸ்பத்திரி. "ரூமை சூடாக விடாதீங்க, அடுத்த தடவை நான் எதுவும் சொல்ல முடியாது" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். செல்லம்மாளை நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோறு தின்னப் போனது ஒரு குற்றமா?

ஆஸ்பத்திரியில் இருந்து வந்த மறுநாள் கோமதி வந்தாள். அண்ணனைப் பார்த்து ஒரு பாட்டம் அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வழி சொன்னாள்.

"மைனி, அந்த ரெண்டு சன்னலையும் செங்கல் வச்சு அடச்சிருங்க. கெழக்க ஒரு சன்னல் இருக்குல்லா, அது போரும். காத்தும் வராது, வெயிலும் வராது."

நானும் அதை யோசிக்காமல் இல்லை. அடைத்தால் செலவும் குறைவு, வேலையும் ஒரு நாள். நான் வாயைத் திறப்பதற்குள் கட்டிலில் இருந்து சத்தம் வந்தது.

"கோமதி, செவரப் பாத்துக்கிட்டு கெடக்கதுக்கு எனக்கு எதுக்குட்டி கண்ணு?"

அவர் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கோமதி செங்கல் பேச்சை அதோடு விட்டாள். அந்த இரண்டு சன்னல் வழியாகத்தான் மலையும் அவர் வேலை பார்த்த காற்றாலைகளும் தெரியும். எந்த இயந்திரம் நிற்கிறது, எது நொண்டுகிறது என்று படுத்தபடியே சொல்வார். கூட வேலை பார்த்தவர்கள் சில நேரம் போனில் கூப்பிட்டு, "தாணு, ஏழாம் நம்பர் சுத்துதாடே?" என்று கேட்பது உங்களுக்கும் தெரியும். அதை அடைத்துவிட்டு உயிரை மட்டும் காப்பாற்றி என்ன செய்வது? சன்னலும் வேண்டும், ஆளும் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

"அப்போ ஆடி கழியட்டும்" என்றாள் கோமதி. "அம்மைக்கு ஆண்டும் கழிஞ்சிரும். ஒரு மாசந்தானே மைனி? அம்மை இருந்தா ஆடியில ஆணி அடிக்கச் சம்மதிப்பாளா?"

"சம்மதிக்க மாட்டாவ. அதனாலதான் இப்பவே அடிக்கப் போறேன்" என்றேன். ஆடி கழிந்து ஆள் வந்து சேர்வதற்குள் காற்றும் போய்விடும். காற்று போனால் ஓட்டை தெரியாது. ஓட்டை தெரியாமல் வேலை செய்தால் அடுத்த வைகாசியில் திரும்பவும் முதலில் இருந்து. அந்த ஒரு மாதத்துக்குள் எத்தனை தடவை கரண்டு போகும் என்று யார் எனக்கு எழுதித் தருவார்கள்? கோமதி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். போனால் போகட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கும் கோபம்தான்.

கோட்டாறில் நசீர் என்று ஒருவர் அலுமினியக் கடை வைத்திருக்கிறார். பல வருடம் வளைகுடாவில் சன்னல் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் கடையில் நின்று கதையைச் சொன்னேன். பாதியிலேயே, "டீச்சர், இப்ப காத்து அடிக்கில்லா? நாளைக்கே வாறேன். காத்து இருக்கும்போதுதான் பாக்கணும்" என்றார். எனக்கு அவர் காலில் விழலாம் போல இருந்தது. நாலு வருடத்தில் இதைச் சொன்ன முதல் ஆள் அவர்தான்.

மறுநாள் மத்தியானம், காற்று ஊளையிடுகிற நேரமாகப் பார்த்து வந்தார். அளவு நாடாவை எடுப்பார் என்று பார்த்தால், "ஒரு ஊதுவத்தி தாருங்க" என்றார். உங்கள் படத்துக்கு முன்னால் வைத்திருந்த பாக்கெட்டில் இருந்துதான் உருவிக் கொடுத்தேன். சன்னலை இறுக அடைத்துவிட்டு, விசிறியை நிறுத்திவிட்டு, புகைகிற வத்தியைச் சன்னல் ஓரமாகப் பைய நகர்த்திக்கொண்டே போனார். கதவும் கதவும் சேருகிற இடத்தில் புகை லேசாகத்தான் ஆடியது. ஆசாரி மூன்று வருடமாக இழைத்த இடம் அது. நிலைச்சட்டமும் சுவரும் சேருகிற மூலைக்கு வத்தி வந்ததும், புகை உடைந்து என் முகத்தில் வந்து அடித்தது.

"கதவுல இல்ல டீச்சர் கோளாறு. சட்டத்துக்கும் செவருக்கும் நடுவுல விட்டுப்போச்சு. பூச்சு மறைச்சிருக்கு. ஆசாரியக் குத்தம் சொல்ல முடியாது, ஆவணியில வந்தா அவரு என்னத்தக் கண்டாரு?" என்றார் நசீர்.

அந்தப் பூச்சை ஒரு உளியால் லேசாகத் தட்டினார். உதிர்ந்தது. உள்ளே ஏதோ இருந்தது. இழுத்தார். கிழிந்த சேலைத் துண்டு. அழுக்கேறி, கயிறு மாதிரி முறுக்கி, உள்ளே திணித்த துண்டு. இன்னும் இழுத்தார், இன்னும் வந்தது. இரண்டு சன்னலிலும் சேர்த்து ஒரு கூடை நிறைய வந்தது. ஊதாவும் மஞ்சளுமாக, எல்லாம் உங்கள் சேலை.

நான் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். உங்கள் மகன் சன்னலைப் பார்க்கவில்லை, மேலே மோட்டு வளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியும்" என்றார். "நீ பள்ளிக்கூடம் போன பொறவு கத்தி முனையால குத்திக் குத்தி அடச்சு, நீ வாறதுக்கு முந்தி மேல சுண்ணாம்பு பூசிருவா. ஆவணியில ஆசாரி வாறதுக்கு முந்துன நாளு தெரியிற துணியெல்லாம் உருவிட்டு, கோலமாவும் சுண்ணாம்பும் கொழச்சு இன்னொரு பூச்சு பூசிருவா. கந்தத்துணி தெரிஞ்சா வெளியாளு என்ன நெனப்பான்னு சொல்லுவா. ஒங்கிட்ட சொல்லப்பிடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா."

அத்தை, இது என்ன நியாயம்? ஆடியில் ஆணி அடிக்கக் கூடாது, துணி அடைக்கலாமா? காற்று வருகிறது என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். வரவே வராது என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, நான் தெரு திரும்பியதும் கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தீர்களா? ஆசாரிக்கு முன்னால் வீடு சுத்தமாகத் தெரிய வேண்டும் என்று, ஆசாரி எதைப் பார்க்க வந்தாரோ அதையே பூசி மறைத்தீர்களா? நசீர் நிற்கிறார் என்றும் பார்க்காமல் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு நிற்கிற இடத்தில் அழுகை வந்தது. ஒரு தடவை என்னிடம் சொல்லியிருந்தால் என்ன? நான் ஜெயித்துவிடுவேன் என்றா? ஜெயித்தால் ஜெயித்துவிட்டுப் போகிறேன், நீங்கள் இருந்திருப்பீர்களே.

அன்று சாயங்காலமே கோமதிக்குப் போன் போட்டேன். வரமாட்டேன் என்றுதான் முதலில் சொன்னாள். "உங்கம்மை ஆடியில பாத்த வேலைய வந்து பாரு" என்றேன். மறுநாள் வந்தாள். கூடையைப் பார்த்தாள். ஊதாத் துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்து மடியில் விரித்தாள்.

"இது எனக்கு வளைகாப்புக்கு வந்தப்போ அம்மை உடுத்திருந்த சேலை மைனி. எங்க போச்சுன்னு கேட்டதுக்கு எலி கடிச்சிட்டுன்னு சொன்னா."

அதற்குப் பிறகு அவள் ஆடியைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. வத்தியை என் கையில் இருந்து வாங்கிக் கொளுத்தி, கிழக்குச் சன்னலையும் அடுக்களைச் சன்னலையும் அவளே பார்த்தாள். அங்கேயும் புகை ஆடத்தான் செய்தது.

என்ன சன்னல் போடுவது என்பதில் கொஞ்சம் அலைந்தோம். பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போடலாம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் சொன்னாள். சுவரை உடைத்தால் அந்தத் தூசியில் இவர் நெஞ்சில் சளி கட்டும், இருமிக் கக்கவும் இவரால் முடியாது. வெளியே ஒரு கதவு போடலாம் என்றால் நம் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும். அதனால் பழையதைத் தொடாமல் உள்பக்கம் இரண்டாவது சன்னல். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி. அந்த நடுவில் சும்மா நிற்கிற காற்றுதான் வெக்கையை உள்ளே விடாது என்று நசீர் சொன்னார்.

நான் பக்கவாட்டில் தள்ளுகிற மாதிரிச் சன்னல்தான் கேட்டேன், அதுதான் பார்க்க அழகு, கட்டிலிலும் இடிக்காது. நசீர் என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், அங்கே நின்ற தள்ளு சன்னலுக்குப் பின்னால் மேசை விசிறியை வைத்து வத்தியைக் காட்டினார். கதவு ஓடுகிற தண்டவாளம் வழியாகப் புகை அப்படியே ஓடியது. அப்புறம் ரப்பர் வைத்து அமுக்கிப் பூட்டுகிற கதவுச் சன்னலைக் காட்டினார். புகை நின்ற இடத்தில் நின்றது. திறக்கவே முடியாத ஒரே கண்ணாடியாகப் போட்டால் இன்னும் இறுக்கமாக இருக்குமாம். வீட்டுக்கு வந்து இவரிடம் கேட்டேன். "சாயங்காலம் மூஞ்சியில காத்துப் படணும். அது இல்லன்னா செங்கலே வச்சிரு" என்றார். கதவுச் சன்னலே போடுவது என்று ஆயிற்று. கட்டிலை ஒன்றரை அடி கிழக்கே நகர்த்தினோம்.

ஒரு இடத்தில் நீங்கள் சொன்னது சரிதான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். கண்ணாடியை வண்டியில் இருந்து இறக்கும்போது ஒரு வீச்சுக் காற்று வந்தது. நசீரும் இன்னொருவரும் கண்ணாடியோடு நாலு அடி தள்ளாடிப் போனார்கள். "உங்க மாமியா சும்மா சொல்லல டீச்சர். ஆடிக்காத்துல கண்ணாடி தூக்கினா ஆளையுஞ் சேத்துத் தூக்கிரும்" என்றார். அதனால் ஆடிக்காற்றில் அளந்தோம், காற்று தூங்குகிற அதிகாலையில் மாட்டினோம். விடிவதற்கு முன்னால் வந்து, வெயில் ஏறும்முன் அன்றைய வேலையை முடிப்பார்கள். மூன்று நாள் இவரைக் கூடத்தில் படுக்கவைத்திருந்தோம். "எம்பொண்டாட்டி சன்னலுக்குக் கண்ணாடி போட்டு விடுதா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஓட்டையை நுரைப்பசை வைத்து அடைத்தார்கள். மழை வந்தால் நடுவில் தண்ணீர் தேங்கி ஆஞ்சிலி ஊறிவிடக் கூடாது என்று சட்டத்துக்குக் கீழே வெளிப்பக்கச் சிமெண்டுப் படியில் இரண்டு சின்னத் துளை போட்டார் நசீர். மேற்கு வெயிலுக்குக் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. அதன் வழியாகப் பார்த்தால் மலை கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது. "ஏழாம் நம்பர் தெரியுதா?" என்று கேட்டேன். "தெரியுது. இன்னும் நொண்டத்தான் செய்யுது" என்றார்.

முதல் நாள் எனக்கு ஒரு பயம் வந்தது. ஏசி திடீரென்று நின்றுவிட்டது. கெட்டுப்போயிற்று என்று எழுந்து ஓடினேன். கொஞ்ச நேரத்தில் தானே ஓடியது, திரும்ப நின்றது. அறை குளிர்ந்துவிட்டால் அது நிற்குமாம். ஆறு வருடமாக நம் வீட்டு ஏசி ஒரு தடவைகூட அப்படி நின்றதில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. கரண்டு பில் குறையும் என்று நசீர் சொல்கிறார். குறையட்டும், வேண்டாம் என்றா சொல்வேன்?

ஆனால் நான் காத்துக்கொண்டிருந்தது பில்லுக்கு இல்லை. கரண்டு போகிற நாளுக்கு. எல்லோரும் கரண்டு போகக் கூடாது என்று வேண்டுவார்கள், நான் ஒரு தடவை போகட்டும், பார்த்துவிடுவோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆடி கடைசி வாரம் கரண்டு போனது. பள்ளிக்கூடத்தில் கரண்டு இருந்ததால் எனக்குத் தெரியவில்லை. மத்தியானம் ஒரு மணிக்குக் கோமதி போன் பண்ணினாள். "மைனி, காலைல பதினோரு மணிக்கே அங்கன கரண்டு போச்சாம். செல்லம்மாளுக்கு அடிச்சேன், எடுக்க மாட்டேங்கா" என்றாள். நானும் அடித்தேன். எடுக்கவில்லை. தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். வழியெல்லாம் காற்று வண்டியைப் பிடித்துத் தள்ளியது. இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது, ஆனியில் மூன்று மணி நேரத்தில்தான் அவ்வளவு ஆயிற்று என்று மனசு கணக்குப் போட்டுக்கொண்டே வந்தது. கண்ணாடியை நம்பி ஆளைக் கொன்றுவிட்டேனோ என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன் அத்தை.

செருப்போடு உள்ளே ஓடி அறைக் கதவைத் திறந்தேன். வெளியே காற்று அத்தனை ஊளையிட்டுக்கொண்டிருந்தது, உள்ளே சத்தமே இல்லை. கட்டில் பக்கத்து நாற்காலியில் செல்லம்மாள் உட்கார்ந்து உறங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, இரண்டு கையும் மடியில் கிடந்தன. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. கத்த வாயைத் திறந்தேன்.

"ஏட்டி, சத்தம் போடாத. அவ இப்பந்தான் கண்ணசந்தா" என்றார் உங்கள் மகன், கிசுகிசுப்பாக.

அவர் நெற்றியைத் தொட்டேன். கழுத்தைத் தொட்டேன். தெர்மாமீட்டர் வைத்தேன். காய்ச்சல் இல்லை. கையை எடுத்த பிறகும் நம்பாமல் திரும்ப வைத்துப் பார்த்தேன், இல்லை. காலையில் இருந்து ஒரே ஒரு தடவைதான் துடைத்தாளாம், அதுவும் தேவையில்லை என்று இவர்தான் அவளை உட்காரச் சொல்லியிருக்கிறார். அவள் போன் அடுக்களையில் கிடந்தது.

நான் தரையில் உட்கார்ந்து செல்லம்மாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடத்தில், கரண்டு இல்லாத நேரத்தில், அந்த நாற்காலியில் ஒரு மனுஷி உறங்கி நான் பார்த்ததில்லை. உங்களை நான் அதில் சாய்ந்துகூடப் பார்த்ததில்லை.

"அம்மையும் ஒரு நாளு இப்படி ஒறங்கியிருக்கலாம்" என்றார் அவர். அவருக்குக் கண்ணைத் துடைக்கக் கை எழாது, நான்தான் துடைத்தேன். என் கண்ணைத் துடைக்க ஆளில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

செல்லம்மாளை நான் எழுப்பவில்லை. மூன்றரை மணிக்குக் கரண்டு வரும்வரை அவள் உறங்கினாள்.

அத்தை, திவசத்தன்று எல்லோரும் உங்களைப் பற்றி ஒன்றுதான் சொல்வார்கள், பகவதி தன் பிள்ளைக்காக உடம்பை உருக்கினாள் என்று. கேட்கப் பெருமையாக இருக்கும். என்னையும் அப்படி இருக்கச் சொல்வார்கள். நான் இருக்க மாட்டேன். உங்கள் மகனை நான் பார்த்துக்கொள்வேன், கடைசி வரைக்கும் பார்த்துக்கொள்வேன், அதில் உங்களுக்குச் சந்தேகம் வேண்டாம். ஆனால் நீங்கள் பார்த்த மாதிரிப் பார்க்க மாட்டேன். கை வலித்தால் வலிக்கிறது என்று சொல்வேன். கிழக்குச் சன்னலுக்கும் அடுக்களைக்கும் அடுத்த ஆடியில் வேலை வைத்திருக்கிறேன், யார் தடுத்தாலும் செய்வேன். கரண்டு போனால், அந்த நாற்காலியில் உட்கார்ந்து நானும் உறங்குவேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
இனியும் உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை என்று முடிவு செய்துவிட்ட,
நீங்கள் ஒரே ஒரு தடவை 'மக்ளே' என்று கூப்பிட்ட,
உங்கள் மருமகள் உமா